சுளகில் நின்ற தண்ணீர்: வெளியில் நிற்கும் வெண்கலச் சிலைக்குப் பிழை பார்த்தல்

என்னுடைய முதல் வெளிச்சிலையில் பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர். குளக்கட்டடியில் நெல் தூற்றும் பெண் ஒருத்தியை வார்த்து நிறுத்தியிருந்தோம். கையில் சுளகு. அது சற்று வான் பார்த்தபடி இருந்தால் அழகு என்று நான்தான் நினைத்தேன். மார்கழி மழையில் சுளகு நிறைந்து, வேப்பஞ்சருகு ஊறி, நுளம்புக் குடம்பி நெளிந்தது. டெங்குக் காலத்தில் வீடு வீடாகச் சிரட்டை கவிழ்த்துக்கொண்டு வந்த மனிதர் சிலையையும் அண்ணாந்து பார்த்தார். "ஐயா, இதை எப்பிடிக் கவிழ்க்கிறது?" என்று கேட்டார்.

ஏணி வைத்து ஏறி, சுளகின் தாழ்ந்த மூலையில் எட்டு மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டேன். அத்தோடு முடிந்தது என்று இருந்தேன். அடுத்த மாரியில் அதே சிலையின் குதிக்காலில் துரு வழிந்தது. வெளியே தண்ணீர் நின்றது கண்ணில் பட்டது, உள்ளே நின்றது படவில்லை. இப்போது யாராவது "சிலை பழுதாகுது, வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டால், நிறத்தைப் பற்றி அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் என் மனம் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தேடத் தொடங்கிவிடும்.

பார்க்கப் போகும்போது ஒரு பலமான காந்தம், சில ஈர்க்குகள், உருப்பெருக்கி, டோர்ச், போத்தலில் மழைத்தண்ணீர், வெள்ளைத் துணி. இவ்வளவும் ஒரு பையில் அடங்கும். கிரைண்டரைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போங்கள். கையில் இருந்தால் போடத் தோன்றும். முடிந்தால் மழை விட்டு அரை மணித்தியாலத்துக்குள் போய்ப் பாருங்கள். ஈரம் எங்கே காயாமல் கிடக்கிறது என்பதைச் சிலையே காட்டும்.

கபில நிறம் மெல்லக் கறுப்பதும், மழை ஓடும் தடத்தில் மங்கலான பச்சைக் கோடு விழுவதும் பழுது அல்ல. பிள்ளைகள் தொட்டுத் தொட்டு விரல் நுனி மினுங்குவதும் பழுது அல்ல. எனக்கு அது பிடிக்கும்.

வெளிர்பச்சைத் தூள்: துடைத்தால் போகிறது, சில நாளில் அதே இடத்தில் வருகிறது

செம்போடு களிம்பு கூடவே பிறந்தது என்று ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் உவமை சொல்லும். பட்டறையிலும் அது சரிதான். ஆனால் எங்களுக்குக் களிம்பு இரண்டு வகை. ஈர்க்கால் சுரண்டிப் பாருங்கள். மெல்லிய தோலாக இறுகி ஒட்டியிருந்தால் அது காவல், தொடவேண்டாம். மாவாக உதிர்ந்து அடியில் சின்னக் குழி தெரிந்தால் அது உலோகத்தைத் தின்கிறது. இதற்குத்தான் வெண்கல நோய் என்று பெயர்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. அந்தப் பொட்டைச் சுரண்டிச் சுத்தமாக்கி, வடித்த நீரில் நனைத்த பஞ்சை வைத்து, மேலே பொலித்தீன் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். பச்சைப் புள்ளி மறுபடி எழும்பியிருந்தால் நோய் உயிரோடு இருக்கிறது. அந்தப் பஞ்சைப் பிழிந்த நீரில் நைத்திரிக் அமிலம் ஒரு துளி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் ஒரு துளி விட்டால் பால்போல் வெளுக்கும். உயர்தர இரசாயனம் படிக்கும் பிள்ளைக்கு இது தெரிந்த வேலை.

வெளுக்க வைப்பது குளோரைட்டு. செம்புக் குளோரைட்டு களிம்புக்கு அடியில் தங்கிவிட்டால், ஈரமும் ஒட்சிசனும் பட்டதும் பச்சைத் தூளாக மாறும். மாறும்போது ஐதரோகுளோரிக் அமிலத்தை விடும். அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்ன, மறுபடியும் செம்புக் குளோரைட்டு. வெளியிலிருந்து இனி ஒரு துளி உப்பு வராவிட்டாலும் சக்கரம் சுற்றும். துடைத்துத் துடைத்துக் களைத்துப்போவதன் காரணம் இதுதான்.

உப்பு எங்கிருந்து வந்தது என்பதை அது இருக்கும் இடமே சொல்லும். முல்லைத்தீவுக் கரைக்கு வாடைக்காற்று உப்பைக் கொண்டுவருகிறது, மன்னார்ப் பக்கத்துக்குச் சோழகம். ஆனையிறவிலும் நந்திக்கடல் ஓரத்திலும் கோடையில் நீர் வற்றிய தரையிலிருந்து உப்புப் புழுதியே பறக்கும். இப்படிக் காற்றில் வந்த உப்பு என்றால், மழை கழுவும் தலையும் தோளும் நன்றாக இருக்கும். நாடிக்குக் கீழே, அக்குளில், சேலை மடிப்பின் உட்பக்கத்தில் தூள் பிடிக்கும். வற்றாப்பளை அம்மனுக்கு உப்புத் தண்ணீரில் விளக்கு எரிகிறது. அதே காற்றில் நிற்கும் வெண்கலத்துக்கு அந்த அருள் கிடைக்கவில்லை.

மழை நன்றாகப் படும் இடத்திலும் தூள் எழும்புகிறதா? அப்படியானால் கை வைத்தவர்களைக் கேளுங்கள். பச்சை நிறம் சீக்கிரம் வரவேண்டும் என்று நவச்சாரம் பூசியிருப்பார்கள், அல்லது யாரோ கழிவறை கழுவும் அமிலத்தால் "பளிச்" ஆக்கியிருப்பார்கள். இரண்டும் குளோரைட்டுதான். கடலோரத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கிழமைக்கொருமுறை பக்தியோடு கழுவிய சிலை ஒன்றும் பார்த்திருக்கிறேன். கழுவாமல் விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

வைத்தியத்தை மாசி, பங்குனியில் வையுங்கள். மழைத்தண்ணீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு தும்புப் பிரஷால் கழுவி, தூளை ஒவ்வொரு பொட்டாக மரக்குச்சியாலோ பித்தளைக் கம்பிப் பிரஷாலோ எடுக்கவேண்டும். இரும்புக் கம்பிப் பிரஷ் கூடாது. மறுபடி கழுவி, அந்தக் கழுவிய நீர் வெள்ளி நைத்திரேற்றுக்கு வெளுக்காமல் போகும் வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். கழற்றக்கூடிய சின்னப் பாகமானால் சலவைச் சோடாவும் அப்பச்சோடாவும் கலந்த ஐந்து வீதக் கரைசலில் கிழமைக்கணக்கில் ஊறவைத்து நீரை மாற்றலாம். நிறம் சற்று மாறும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, எதனோலில் மூன்று வீதம் கரைத்த, அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோலை நிழல் நேரத்தில் இரண்டு மூன்று முறை பூசி, மிஞ்சியதைத் துடைத்து, மேலே மெழுகு. கையுறை கட்டாயம். அந்த மருந்து உடம்புக்கு நல்ல சாமான் இல்லை. ஒரே தடவையில் சுகமாகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவேண்டாம். அடுத்த மாரி முடிந்து ஒருமுறை போய்ப் பாருங்கள்.

துரு நிறத்தில் வழிகிறது

வெண்கலத்துக்குத் துரு பிடிக்காது. துரு தெரிந்தால் எங்கோ இரும்பு இருக்கிறது.

முதலில் கழுத்தைப் பாருங்கள். எங்கள் ஊரில் சிலை என்றால் மாலை விழும், மாலை கட்டுவது இரும்புக் கம்பியில். பூ வாடி உதிர்ந்த பிறகும் கம்பி மடிப்புக்குள் கிடந்து ஒழுகும். இதைக் கண்டுபிடித்தால் வேலை ஐந்து நிமிடம். மாலை போடவேண்டாம் என்று பலகை எழுதி வைப்பதில் பயனில்லை. பீடத்தின் முன்பக்கத்தில் துருப்பிடிக்காத எஃகில் ஒரு கொக்கியும், விளக்கு வைக்கத் தனியாக ஒரு கல்லும் போட்டுக் கொடுங்கள். சனம் அங்கே போய்விடும்.

பொட்டுப் பொட்டாக, தூவிவிட்டது போலச் சிவப்புப் புள்ளிகள் என்றால் அது பட்டறைப் பிழை. கேற்றும் உழவு இயந்திரப் பெட்டியும் செய்யும் இடத்திலேயே சிலையையும் மெருகேற்றினால், இரும்பு அரைத்த அதே தகடு இரும்புத் துகளை வெண்கலத்தில் புதைத்துவிடும். பக்கத்தில் பறக்கும் பொறியும் அப்படியே. மேலால் தேய்த்தெடுத்து அந்த இடத்துக்கு நிறம் திரும்பப் போடலாம். வெண்கலத்துக்கென்று தனித் தகடு, தனிப் பிரஷ், தனி மூலை வைத்திருந்தால் இது வரவே வராது.

ஒரே புள்ளியிலிருந்து கோடாக வழிந்தால் விஷயம் கனமானது. அந்த இடத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். உள்ளே வெறுமையாக வார்க்கும் பொள்ளல் வார்ப்பில் நடுவில் இருக்கும் மண்கருவை நகராமல் பிடிக்க ஆணிகள் அடிப்போம். வார்த்தபின் எல்லாவற்றையும் பிடுங்கி, துளையைத் துடைத்து, அதே கலவையில் முளை செய்து அடைக்கவேண்டும். என் நெல் தூற்றும் பெண்ணின் குதிக்காலில் இரண்டு ஆணி மறந்துபோயிருந்தன. ஈரத்தில் செம்போடு தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு தனியாக நிற்கும் இரும்பைவிட வேகமாகக் கரையும். சின்ன ஆணியும் பெரிய வெண்கலப் பரப்பும் என்றால் நிலைமை இன்னும் மோசம். துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும், வெண்கல ஓட்டினை உள்ளிருந்து பிதுக்கி வெடிக்கவைக்கும்.

நியூயோர்க் சுதந்திரச் சிலைக்கு நடந்ததும் இந்தக் கதைதான். 1886இல் நிறுத்தியபோது ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர் செம்புத் தகட்டுக்குள்ளே இரும்புச் சட்டம் வைத்தார்கள். இரண்டும் தொடக்கூடாது என்று தெரிந்துதான் அரக்கில் தோய்த்த கல்நாரை (அஸ்பெஸ்ரஸ்) இடையில் வைத்தார்கள். அது காலப்போக்கில் உப்பீரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. சட்டம் துருப்பிடித்து வீங்கித் தகட்டின் தறை ஆணிகளைப் (றிவெற்றுகளை) பிடுங்கியது. 1986இல் முடிந்த திருத்தத்தில் அந்த இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்காத எஃகாக மாற்றினார்கள். தடுப்பு வைத்தால் மட்டும் போதாது, அந்தத் தடுப்பு தண்ணீரைப் பிடித்து வைக்குமா என்றும் பார்க்கவேண்டும். உங்கள் சிலைக்கு உள்ளே சட்டம் வேண்டுமானால் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. விலை கேட்டுத் தயங்குபவர்களிடம் பத்து வருடம் கழித்து சிலையை வெட்டித் திறக்கும் கூலியைச் சொல்லுங்கள்.

கணுக்காலில் வெடிப்பு, அடியில் வெள்ளை உப்பு

காலுக்குள் கொங்கிறீற் ஊற்றியிருக்கிறார்கள். கேட்டால் "பலத்துக்கு" என்பார்கள். சீமெந்து ஈரத்தை வாங்கி மெல்ல மெல்ல விடும். விடும்போது கரைந்த சுண்ணாம்பையும் உப்பையும் கொண்டுவரும். வெயிலில் வெண்கலம் சீமெந்தைவிடக் கூடுதலாக விரியும். நாற்பது பாகை வித்தியாசத்துக்கு மீற்றருக்குக் கால் மில்லிமீற்றர் அளவு இடைவெளி. சொற்பம்தான், ஆனால் காலையும் மாலையும் வருடக்கணக்கில். அந்த இடைவெளிக்குள்ளும் தண்ணீர் போகும்.

வெளியிலிருந்து பூசி மூடவேண்டாம். சிலையை இறக்கி, கொங்கிறீற்றைச் சிறுசிறு துண்டாக உடைத்தெடுத்து, வெடிப்பை அதே கலவைக் கம்பியால் ஒட்டி, திரும்ப நிறுத்தும்போது துருப்பிடிக்காத எஃகுத் தண்டுகளைப் பீடத்தில் எபொக்சியில் இறக்குங்கள். பாதத்துக்கும் கல்லுக்கும் இடையில் சில மில்லிமீற்றர் காற்றோட்டம் இருக்கட்டும். பாதத்தின் தாழ்ந்த இடத்தில் பத்து மில்லிமீற்றர் துளை ஒன்று. பீடத்தின் மேற்பரப்பு வெளிப்பக்கம் சற்றுச் சரியட்டும். உள்ளே மண்கரு மிச்சம் இருந்தால் அதையும் தோண்டி எடுங்கள். வார்த்த மண்ணும் சாந்தும் கடற்பஞ்சு போல ஈரம் பிடிக்கும். வெளியே தெரியும் பச்சைக்கு உள்ளே கிடக்கும் ஒரு கைப்பிடி மண் காரணமாயிருப்பதுண்டு.

இளஞ்சிவப்புத் திட்டு, ஊசி இறங்குகிறது

வன்னியில் நினைவுச் சின்னம் என்று பேச்சு வந்தால், வெடித்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளை உருக்கி வார்ப்போமா என்று யாராவது கேட்பார்கள். அந்த எண்ணத்தின் கனம் எனக்கு விளங்கும். உலோகத்துக்கு விளங்காது. கோதுப் பித்தளை செம்பு எழுபது வீதமும் நாகம் (துத்தநாகம்) முப்பது வீதமும். உப்பீரத்தில் நாகம் கரைந்து போய், இளஞ்சிவப்பாகப் பஞ்சுபோன்ற செம்பு மிஞ்சும். வெளியே உருவம் அப்படியே இருக்கும், ஊசியால் குத்தினால் இறங்கும். இதற்கு மருந்து இல்லை. அந்தப் பகுதியை வெட்டி மாற்றுங்கள், அல்லது சிலையைக் கூரைக்குள் கொண்டுபோங்கள்.

உருக்கும்போதும் ஆபத்து. நாகம் 907 பாகை செல்சியசில் கொதிக்கும், வெண்கலம் வார்ப்பதோ ஆயிரத்துக்கு மேலே. மூசையிலிருந்து வெள்ளைப் புகை எழும்பும். அதைச் சுவாசித்தவருக்கு இரவு காய்ச்சலும் நடுக்கமும். அதைவிடப் பெரிய விஷயம், ஒரு கோது வெறும் கோதுதான் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. நிலத்தில் கண்டதைத் தொடாமல் கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கு அறிவியுங்கள். பரிசோதித்து விடுவிக்கப்பட்ட உலோகம் கையில் இருந்தால், நூறு கிலோ வெண்கலத்தில் பத்துக் கிலோ கலக்கலாம். நாகம் மூன்று வீதம்தான் வரும். கப்பல் வால்வுகளுக்குப் பயன்படும் கலவையில் ஐந்து வீதமே இருக்கிறது. நினைவும் உள்ளே போகும், சிலையும் நிற்கும்.

செம்புழுதி ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது

தேன்மெழுகு பூசியிருக்கிறார்கள். அது அறுபத்திரண்டு, அறுபத்தைந்து பாகையில் உருகும். கிளிநொச்சி மத்தியான வெயிலில் கறுத்த வெண்கலத்தில் உள்ளங்கை வைக்க முடியாது, மெழுகு இளகி றோட்டுப் புழுதி முழுவதையும் வாங்கிக்கொள்ளும். வெள்ளைப் பெற்றோலில் தோய்த்த துணியால் எடுத்துவிட்டு நுண்பளிங்கு மெழுகு (microcrystalline wax) பூசுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தாலும் ஒரு பேணி பல சிலைக்குக் காணும். சிலையைச் சற்றுச் சூடாக்கிப் பூசினால் துளைகளுக்குள் இறங்கும். தை மாதம் ஒருமுறை, மாரிக்கு முன் புரட்டாசியில் ஒருமுறை.

மெழுகுக்கு அடியில் வெண்புகை படர்ந்தால் ஈரத்தோடு பூசியிருக்கிறீர்கள், எடுத்துவிட்டுத் திரும்பப் பூசுங்கள். அரக்கு வகைப் பூச்சு செதில் செதிலாக உரிந்தால் உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடாதீர்கள். ஓரத்துக்கு அடியால் ஈரம் நுழைந்து, கோலம் போட்டது போல அரித்துவிடும். முழுவதையும் எடுக்கவேண்டும். ஆள் ஒழுங்காக வந்து பராமரிக்க முடியாத இடத்துக்கு அரக்கைவிட மெழுகுதான் நல்லது என்பேன்.

ஒரு காலையில் சிலை பொன்னாக மின்னுகிறது

விழா வருகிறது, யாரோ புளி போட்டு விளக்கியிருக்கிறார்கள். குத்துவிளக்கை விளக்கும் அதே அன்பு. கோபிக்கவேண்டாம். மழைத்தண்ணீரால் புளியும் உப்பும் போகுமளவுக்கு அன்றைக்கே கழுவுங்கள், பலர் புளியோடு கல்லுப்பும் சேர்ப்பார்கள். நிறத்தைத் திரும்பக் கொண்டுவர ஊதுவிளக்கால் சூடாக்கி, கபிலத்துக்குப் பெரிக் நைத்திரேற்று, பச்சைக்குச் செம்பு நைத்திரேற்று. நிறம் போட்டவரையே கூப்பிடுங்கள், ஆளுக்கு ஆள் கை வேறு. இம்முறை ஊரில் நாலு பேரைக் கூட்டி, மெழுகு பூசி மெருகேற்றும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். விழாவுக்கு மினுக்கவேண்டும் என்ற ஆசைக்கு ஒரு வழி வேண்டும்.

பொருத்திய கோடு தெரிகிறது. ஊசித்துளையில் கறுப்பு நீர்

கோடு தெரிந்தால் ஒட்டிய கம்பியின் கலவை வேறு. சிலிக்கன் வெண்கலச் சிலைக்குச் சிலிக்கன் வெண்கலக் கம்பி. வெட்டி மறுபடி ஒட்டாமல் நிறத்தால் மறைக்கலாம், ஆனால் இரண்டு மாரிக்குப் பிறகு திரும்பத் தெரியும். ஊசித்துளை ஈர அச்சில் வார்த்ததால் வரும், அல்லது உலோகத்தை அளவுக்கு மீறிச் சூடாக்கியதால். ஓரிரண்டு என்றால் துளைத்து முளை அடியுங்கள். தோள் முழுவதும் என்றால் வார்ப்பே சரியில்லை, வார்த்தவரிடம் பேசுங்கள். ஐப்பசியில் வார்க்க அவசரப்பட்டால் இது நடக்கும்.

தள்ளினால் ஆடுகிறது

ஐந்து மில்லிமீற்றர் தடிப்பு என்றால் சதுர மீற்றருக்கு நாற்பத்துநாலு கிலோ. ஆள் அளவு உருவம் நூற்றிமுப்பது கிலோ அளவில் வரும். அந்தக் கனத்துக்குத் தானே நிற்கும் என்று விடமுடியாது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னிக்கூடாகத்தான் போனது. மணிக்கு 144 கிலோமீற்றரில் ஒரு காற்று வீசினால் அது ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறத்தாழ நூறு கிலோ எடையால் தள்ளும். சுளகு, கொடி, விரித்த சால்வை எல்லாம் அப்போது பாய்மரம். ஆனாலும் எனக்குக் காற்றைவிடப் பாடசாலைச் சுற்றுலாதான் பயம். நீட்டிய கையில் இரண்டு பெடியள் தொங்கினால் சுமை முழுவதும் தோளிலும் கணுக்காலிலும். வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் சிலையைக் கேட்டு வருபவர்கள் எல்லோரும் ஓங்கிய வாளோடுதான் கேட்கிறார்கள். முதலில் வளைவது அந்த வாள். நுனியை மெல்லியதாக்கி, நடுவில் எஃகு முதுகெலும்பு வைத்து, உடம்போடு இரண்டாவது இடத்தில் எங்காவது தொடவிடுங்கள். ஆட்டம் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நட்டை இறுக்கும் முன் தண்டைப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட சிலைகளில் அது இரும்புத் தண்டும் துருவுமாகத்தான் இருக்கும்.

தலையில் வெள்ளை வரி, கழுவினால் அரித்த தடம்

மயில் எச்சம். காகமும்தான், ஆனால் வயலோரச் சிலைகளில் மயில் ஏறிக் குந்திவிட்டால் அளவே வேறு. காய முன் கழுவினால் ஒன்றுமில்லை. காய்ந்து கிழமைக்கணக்கில் கிடந்தால் மெழுகையும் நிறத்தையும் அரித்துவிடும். கூர்முனைக் கம்பி வைக்கச் சொல்லி ஒருமுறை ஆலோசனை சொன்னேன். முருகனுடைய வாகனத்துக்கு முள்ளு வைக்கிறதோ என்று கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார். பக்கத்தில் சிலையைவிட உயரமாகக் காய்ந்த பாலை மரத்தண்டு ஒன்றை நட்டோம். பாதி மயில்கள் அங்கே மாறிவிட்டன. மிச்சப் பாதிக்கு ஒரு வாளியும் நீளத் தும்புத்தடியும் கிட்டவுள்ள கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.